தலைக்கணக்கில் வந்தவர்கள்

பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வெளியே வரும்போது வில்லியம் கெல்லி ஸ்மித்தின் குடும்பக் கதையைத் தெரிந்துகொண்டுதான் வருவார்கள். 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். 1890-இல், இருபது வயதில் மலாயா வந்தார். அல்மா பேக்கரின் நில அளவைத் தொழிலில் சேர்ந்து பணம் பார்த்தார். கிந்தா வட்டாரத்தில் காடு வாங்கி ரப்பர் நட்டு, சொந்த ஊர் நினைவாக கிந்தா கெல்லாஸ் என்று தோட்டத்துக்குப் பெயர் வைத்தார். 1915-இல் மாளிகை கட்ட ஆரம்பித்தார். அது முடிவதற்குள் 1926-இல் லிஸ்பன் போன இடத்தில் நிமோனியா கண்டு இறந்தார். மனைவி பெயர் ஆக்னஸ், மகள் ஹெலன், மகன் அந்தோணி. எல்லாம் துல்லியம்.

மாளிகை கட்ட வந்த தமிழர்கள் ஸ்பானிஷ் காய்ச்சலில் மாண்டதும், பிழைத்தவர்கள் கேட்டுக்கொண்டபடி துரை அவர்களுக்குக் கோயில் கட்டிக்கொடுத்ததும் அதே கதையில் வருகின்றன. கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே ஐரோப்பிய உடையில் துரையும் நிற்கிறார். மாண்டவர்களில் ஒருவர் பெயரைக்கூட அங்கே எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

கிந்தாவில் ஒரு குடும்பத்தின் வேரைத் தேட வேண்டும் என்றால் நிலப் பதிவு, உயில், கல்லறை, தேவாலயப் பதிவேடு என்று போகலாம் என்பார்கள். துரைக்கு இவை எல்லாம் இருந்தன. என் பாட்டனுக்கு நிலம் இல்லை, எழுதிவைக்க உயில் இல்லை. எங்கள் தோட்டத்துச் சுடுகாட்டில் இப்போது செம்பனை நிற்கிறது.

நான் இதில் இறங்கியது வம்ச வரலாறு எழுதும் ஆசையால் அல்ல. என் அத்தையின் ஐசிக்காக.

அத்தை 1951-இல் பிறந்தவர். அப்பா 1958-இல். ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே தாய் தகப்பன். 1957 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு பிறந்ததால் அப்பா பிறப்பிலேயே குடிமகன். அத்தைக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. மெர்டேக்காவுக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள் பதிவு செய்து குடியுரிமை பெறலாம் என்று அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் இங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும். அத்தைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் டிரஸரிடம் சொல்வார்கள், டிரஸர் கிராணியிடம் சொல்வார், கிராணி பதிவுக்கு அனுப்புவார். இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. அது அவசரகாலம் வேறு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாளிலிருந்து பேராக் தோட்டங்களில் சுடுதுப்பாக்கியும் முள்வேலியும்தான் பேச்சு. அடையாளக் கார்டே அந்த ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். யார் பயங்கரவாதி என்று பிரித்துப் பார்க்க வந்த அட்டை, பிறகு யார் குடிமகன் என்று பிரிப்பதற்கும் பயன்பட்டது.

“நான் பொறந்தது இந்த மண்ணுதானேடா, இதுக்கு என்ன சாட்சி வேணும்?” என்பார் அத்தை. சட்டத்துக்கு வேண்டியிருந்தது. அப்படித்தான் அவருடைய தகப்பன், அந்தத் தகப்பனின் தகப்பன் என்று ஒவ்வொருவராக ஏதாவது தாளில் இருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் சுவர் நம் பெயர்தான். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐசியில் தன் பெயர், ‘அனாக் லெலாக்கி’, பிறகு தகப்பன் பெயர், அவ்வளவுதான். பேரன் பிறக்கும்போது தாத்தா காகிதத்திலிருந்து உதிர்ந்துவிடுவார். கெல்லிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்த சுவரைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆயிற்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 இந்தியர்களுக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. தலைக்கு ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலிருக்கும் தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். ஃபிஜிக்குப் போன அறுபதாயிரம் பேருக்கும் அப்படித்தான். டர்பனில் உள்ள ஒரு தமிழர் தன் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டில் எந்த ஊர் என்று ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஈப்போவில் இருப்பவரால் அது முடிவதில்லை. என்ன காரணம்?

நம் ஆட்கள் ‘சுதந்திரமாக’ வந்ததுதான் காரணம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்திலேயே வேலை செய்யும் ஒருவரை, லைசென்ஸ் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் கூட்டி வரச் சொல்வார்கள். 1907-இல் ஏற்படுத்திய தமிழர் குடிநுழைவு நிதி கப்பல் செலவைப் பார்த்துக்கொள்ளும். திருச்சி, சேலம், தஞ்சை, ஆற்காட்டுப் பக்கத்து ஆட்களை நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாமில் சேர்ப்பார்கள். கப்பலேறினால் பினாங்கு, இறங்கினால் நோய்த்தடுப்புக்கு ஜெரஜாக் தீவு, அங்கிருந்து தோட்டம். ஒப்பந்தம் கிடையாது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை விடலாம் என்றது சட்டம். ஆகவே இவர் இன்னார், இத்தனை ஆண்டு இன்ன முதலாளிக்குக் கட்டுப்பட்டவர் என்று தனித்தனியே எழுதிப் பாதுகாக்கும் தேவையும் அரசாங்கத்துக்கு இல்லாமல் போனது. அடிமை மாதிரி போனவன் பெயர் எழுதப்பட்டது. விடுதலையாக வந்தவன் எண்ணிக்கையில் கரைந்துவிட்டான். தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள், இத்தனை பேர் ஓடிப்போனார்கள் என்று கணக்குத் தெளிவாக இருக்கும். ஓடிப்போனவன் யார் என்று இருக்காது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் தோட்ட முதலாளிகளின் வம்சத்தைத் தேடுகிறவர்கள் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். நிலப் பத்திரம், உயில், சொத்துப் பட்டியல் எல்லாம் அங்கே இருக்கும். அதே பட்டியல்களில், மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே, விலையோடு அடிமைகளின் பெயரும் இருக்கும். ஆனால் 1850, 1860 மக்கள் கணக்கெடுப்பின் அடிமை அட்டவணைகளில் முதலாளி பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவுதான். விடுதலை பெற்ற கறுப்பர்கள் பெயரோடு வரிசையாகத் தெரிவது 1870 கணக்கெடுப்பில்தான். அதனால் அவர்களுடைய வம்சாவளித் தேடல் பெரும்பாலும் 1870-இல் முட்டி நிற்கிறது. அங்கே ஒருவர் சொத்தாக இருந்ததால் பெயர் எழுதினார்கள், ஆளாக எண்ணும்போது பெயரை விட்டார்கள். நம்மோடு ஒப்பிட்டால் கொடுமை வேறு, அளவும் வேறு. கணக்கெழுதியவன் புத்தி மட்டும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

தாத்தாவின் அண்ணன் ஒருவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் போனவர், திரும்பவில்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,982 கல்லறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் உண்டு. அதே தண்டவாளத்தில் செத்த தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்படி ஒரு பெயர் வரிசை கிடையாது. அவர் எந்த ஆண்டு போனார் என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. “தீபாவளி முடிஞ்சு போனாரு” என்பது மட்டும் தெரியும்.

தோட்டத்தில் பெயர் எழுதிய புத்தகமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. செக்ரோல் இருந்தது. விடிகாலைப் பெரட்டில் யார் வந்தார் என்று கிராணி புள்ளி வைத்தால்தான் சம்பளம். கங்காணிக்கும் வேலைக்கு வந்த ஆள் கணக்கில்தான் தலைக்காசு. அந்தப் புத்தகங்கள் கிடைத்திருந்தால் பாட்டன் பெயர் இருந்திருக்கும். ஆனால் 1950-களில் ஆரம்பித்து வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது புதிதாக வாங்கியவர்களுக்குப் பழைய செக்ரோல் எதற்கு? எங்கள் தோட்டம் மூன்று கை மாறிவிட்டது. ஆபீஸ் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது. சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது இந்தத் துண்டாடலை எதிர்த்துத்தான். பல வீடுகளில் தாத்தாவின் பெயர் உடைமைக்காரராக அச்சான முதல் தாள் அந்தப் பங்குப் பத்திரமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. தாத்தா பங்கு வாங்கவில்லை. சீட்டுப் போட்டார்.

கடைசியில் கை கொடுத்தது தமிழ்ப் பள்ளி. தோட்டத்துப் பள்ளி எப்போதோ பட்டணத்துப் பக்கம் மாறிவிட்டது; ஆனால் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். தலைமையாசிரியை அதை எடுத்து மேசைமேல் வைத்தபோது முதலில் கரப்பான் பூச்சிதான் ஓடியது. நீல மையில், அழகான தமிழ்க் கையெழுத்தில் வரிசை எண், பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம்.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் படிக்க உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். “வேலைக்குப் போனாள்.” “தம்பியைப் பார்த்துக்கொள்ள.” “தோட்டம் மாறினார்.” “இந்தியா போனார்.” 1969, 70-இல் மட்டும் “இந்தியா போனார்” இருபதுக்கு மேல் வருகிறது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாகி, சிவப்பு ஐசிக்காரர்கள் ரஜுலாவில் ஏறிய காலம் அது. பேராக் தோட்டங்கள் எப்படிக் காலியாயின என்று எழுதுகிறவர்கள் இந்தக் கட்டத்தை ஒரு தடவை படிக்கலாம்.

அத்தை 1958-இல் சேர்ந்திருக்கிறார். பிறந்த இடம்: இத்தோட்டம். விலகிய காரணம்: ஆயாக்கொட்டாய் வேலை. அப்போது வயது பன்னிரண்டு.

தகப்பனார் பெயருக்கு முன்னால் அந்த வாத்தியார் ஓர் எழுத்து போட்டிருந்தார்: ‘பெ.’ ஐசியிலும் சம்பளச் சீட்டிலும் இல்லாத எழுத்து. தமிழ் வாத்தியார் ஆனதால் தமிழ் முறைப்படி தலைப்பெழுத்து கேட்டு எழுதியிருக்கிறார். அப்பாயியைக் கேட்க அவர் இல்லை. ஈப்போ புந்தோங்கில் இருக்கும் பெரிய பாட்டி ஒருவரிடம் போய், எங்கள் பாட்டன் பெயர் ‘பெ’-இல் ஆரம்பிக்குமா என்று கேட்டேன். “பெரியண்ணன்டா. கொல்லிமல சாமி பேரு” என்றார். இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்றேன். “நீ கேட்டியா?”

கொல்லிமலையில் மாசி பெரியண்ணசாமி கோயில் இருக்கிறது. நாமக்கல், துறையூர், முசிறி வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு அவர்தான் குலதெய்வம். பிள்ளைகளுக்குப் பெரியண்ணன், பெரியசாமி என்று பெயர் வைப்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் பெயரெல்லாம் அங்காயி, பாப்பாயி என்று ‘ஆயி’யில் முடிவதும் அந்தப் பக்கத்துக்கே பொருந்துகிறது. எந்த ஆவணக் காப்பகமும் இதைச் சான்று என்று ஏற்காது. கங்காணி ஊர்ப்பெயரைச் சொல்லாமல் கொண்டுவந்த ஒரு குடும்பத்துக்கு, குலசாமி பெயரும் அப்பாயி பெயரும்தான் மிச்சமிருக்கும் முகவரி என்றே நான் நினைக்கிறேன். அதே புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுத்து விற்கும் குடும்பங்களில் பலர் எட்டயபுரம் பக்கத்துச் சொந்தக்காரர்களோடு இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் வியாபாரத்துக்கு வந்தவர்கள். பாகான் செராய் சூசைப்பாளையத்துக் கத்தோலிக்கத் தமிழர்களுக்குப் பாதிரிமார்களின் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறது. தோட்டத்து இந்துவுக்கு அதுவும் இல்லை.

பள்ளிப் பதிவேட்டின் நகல், தலைமையாசிரியையின் கடிதம், அத்தை பிறந்ததை அறிந்த இரண்டு முதியவர்களின் சத்தியப் பிரமாணம் எல்லாம் சேர்த்து மனுப் போட்டோம். 2018-இல் அறுபது வயதைத் தாண்டிய இந்தியச் சிவப்பு ஐசிக்காரர்களுக்குக் குடியுரிமை கொடுக்கப்போவதாக அரசாங்கமும் அறிவித்தது. மறுவருடக் கடைசியில் அத்தைக்கு நீல ஐசி வந்தது. அப்போது அவருக்கு 68 வயது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “போட்டோவுல கெழவி மாதிரி இருக்கேன்” என்றார்.

கொல்லிமலைக்குப் போய்வரலாமா என்று கேட்டதற்கு, “அங்க யாரு நம்மள தேடுறா? நீ வேணும்னா போ, எனக்குத் திருநீறு கொண்டா” என்றார். இன்னும் போகவில்லை. முசிறி வட்டத்தில் மட்டும் எத்தனை பெரியண்ணன்கள் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்து, பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இதுவரை 412 பிள்ளைகள். தலைப்பெழுத்து தெளிவாக உள்ளவை பாதிக்குக் கொஞ்சம் மேல். சிம்மோரிலிருந்து ஒருவர் போன வாரம் கூப்பிட்டு, தன் அம்மா அந்தப் பள்ளியில் படித்தவர், இன்னமும் சிவப்பு ஐசிதான், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். வரிசை எண் 187. பிறந்த இடம் என்ற கட்டத்தில் மை கசிந்திருக்கிறது. வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் மறுபடி அந்தப் பெட்டியைக் கேட்டிருக்கிறேன்.