சுரம் வளைத்தல் (மவுத் ஓர்கன்)

சுரம் வளைத்தல் என்பது மவுத் ஓர்கனில் நாவின் நிலையையும் வாய்க்குழியின் வடிவையும் மாற்றி, ஒரு சுரத்தை அதன் இயல்பான சுருதியிலிருந்து கீழிறக்கும் வாசிப்பு நுட்பம். பத்துத் துளை டயட்டோனிக் கருவியில் இடம்பெறாத அரைச்சுரங்களை இது தருகிறது.

வகைகள்: உள்ளிழுப்பு வளைவு 1, 2, 3, 4, 6ஆம் துளைகளிலும், ஊதல் வளைவு 8, 9, 10ஆம் துளைகளிலும் அமையும். 3ஆம் துளையில் மூன்று அரைச்சுரங்கள் வரை இறங்கலாம். 5, 7ஆம் துளைகளில் அரைச்சுரத்துக்கும் குறைவான இறக்கமே கிடைக்கும்.

இயக்கம்: ஒரு துளைக்குரிய இரண்டு ரீடுகளுள் (அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்) உயர்சுருதி ரீடின் ஒலியே தாழும், வளைவு ஆழமாகும்போது தாழ்சுருதி ரீடும் அதிர்ந்து ஒலியின் பெரும்பங்கை ஏற்கும்.

பயிற்சி: பொதுவாக 4ஆம் துளையின் உள்ளிழுப்பில் தொடங்கும். ‘ஈ’ ஒலிக்கும் வாய்நிலையிலிருந்து ‘ஊ’ நிலைக்கு நா பின்னிழுக்கப்படும். இறங்கிய சுரம் சுருதிமானியால் சரிபார்க்கப்படும். மிகையான காற்றழுத்தம் ரீடைப் பழுதாக்கும்.

வரலாறு: மத்தியாஸ் ஹோனர் 1857இல் ஜெர்மனியின் டிராசிங்கன் நகரில் மவுத் ஓர்கன் தயாரிப்பைத் தொடங்கினார். அவரது நிறுவனத்தின் ‘மரீன் பேண்ட்’ என்னும் டயட்டோனிக் கருவி 1896இல் வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் வளைவு அடிப்படை நுட்பமானது. புளூஸ் மவுத் ஓர்கன் கலைஞர் லிட்டில் வால்ட்டர் (1930–1968) இந்நுட்பத்தில் புகழ்பெற்றவர்.