மூன்று முறை தட்டப்பட்ட கதவு: அதற்குப் பிறகு என்ன நடந்தது?



"சார், கடவுள் இந்த வேலைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்னு நம்பி வந்தேன். ஆனா இப்போ என்னால முடியல. அப்போ அந்த அழைப்பே பொய்யா?"

கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலரிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகத்துக்கு வருவார்.

வேலூர் சிஎம்சியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர், 1819லேயே அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் மருத்துவர், மிஷனரி. குடும்பமே ஊழியத்தில் இருந்தது.

ஐடாவுக்கு மட்டும் அது வேண்டாம். சின்ன வயதில் இங்கே கொடும் பஞ்சத்தைப் பார்த்தவர். அமெரிக்காவில் படித்து, அங்கேயே செட்டில் ஆகிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்து கவனித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்.

ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் இருந்தார். "நீங்க வந்து பாருங்கம்மா" என்றார்கள்.

"எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிவிட்டார்கள்.

விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அவர்களுக்கு என்ன சிக்கல் என்று இன்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் பிரசவத்தில் குழந்தை இறங்காமல் அடைத்துக்கொண்டால் கர்ப்பப்பை கிழியலாம். குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காவிட்டால் சில மணி நேரத்திலேயே ரத்தம் முழுக்கப் போய்விடலாம். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு ஆள் இருப்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. அது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

அந்த ராத்திரியை தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டார் ஐடா. டாக்டராகத் திரும்பி வருவேன் என்று முடிவு செய்தார்.

இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். வழக்கமாக இதோடு முடித்துவிடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

நம்பிவிட்டால் போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. வருடக்கணக்கில் படித்து, 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். ஷெல் என்பவர் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900ல் வேலூர் வந்தார். அப்பா பக்கத்தில் இருந்து தொழில் கற்றுக்கொடுப்பார் என்ற தைரியத்தோடு வந்தார். அதே ஆண்டிலேயே அப்பா இறந்துபோனார்.

யோசித்துப் பாருங்கள். அனுபவம் இல்லாத புது டாக்டர். கேட்டுத் தெரிந்துகொள்ள சீனியர் இல்லை. ஆரம்பத்தில் ஜனங்களும் நம்பி வரத் தயங்கினார்கள். முதல் நைட் டியூட்டியில் தனியாக நின்ற எந்த டாக்டருக்கும் அந்த வயிற்றுக் கலக்கம் புரியும்.

என்ன செய்தார்? ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1902ல் அது 40 படுக்கை மருத்துவமனை ஆனது. நோயாளிகள் குவிந்தார்கள். இப்போது சிக்கல் தலைகீழ். எத்தனை பேரைப் பார்த்தாலும் வாசலில் இன்னும் பத்துப் பேர்.

இங்கேதான் பலரும் உடைந்துபோகிறோம். "எல்லாரையும் நான்தான் காப்பாத்தணும்" என்ற எண்ணம் மெல்ல நம்மைத் தின்றுவிடும்.

ஐடா வேறு பாதையில் போனார். 1909ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1922ல் முதல் அணியாக 14 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். கதவு தட்டப்பட்டால் எழுந்து போக இனி அவர் ஒருவர் மட்டும் இல்லை.

கஷ்டம் அதோடும் விடவில்லை. 1930களின் கடைசியில் அரசு விதிகள் மாறின. பழைய டிப்ளமோ படிப்பு இனி செல்லாது, பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்பிபிஎஸ் ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான் என்ற நிலை. அதற்குப் பெரும் பணமும் நிறைய பேராசிரியர்களும் வேண்டும். உலகப்போர் வேறு. எழுபது வயதைத் தாண்டிய ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி கேட்டார். 1942ல் எம்பிபிஎஸ் தொடங்கியது. 1947ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராக டாக்டர் ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றார். ஐடா 1960ல், தன் 89வது வயதில், கொடைக்கானலில் காலமானார்.

அந்தக் கேள்விக்கு இப்போது வருகிறேன். பாரம் தாங்க முடியவில்லை என்றால் அழைப்பு பொய்யா?

பைபிளில் மோசேயே "எனக்குப் பேச வராது, வேறு ஆளை அனுப்பும்" என்றுதான் ஆரம்பிக்கிறார். அவருக்குக் கிடைத்த துணை கூடப்பிறந்த அண்ணன் ஆரோன். பயம் வருவதால் அழைப்பு ரத்தாவதில்லை.

கடவுளை நம்புவது என்றால், இந்த வேலை முழுக்க என் தலையில் இல்லை என்று நம்புவது. அப்படி நம்புகிறவரால்தான் இன்றைக்கு முடிந்ததைச் செய்துவிட்டுத் தூங்கப் போக முடியும். அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து, பாரத்தைப் பங்கு போடவும் முடியும்.

அதனால் தம்பி, தங்கைகளே, தனியாகச் சுமக்காதீர்கள். "என்னால முடியல, கூட ஒரு ஆள் வேணும்" என்று சீனியரிடம் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

வேலூரில் ஆரம்பத்தில் இருந்தது ஒரே ஒரு படுக்கைதான். உங்களுக்கும் இன்றைக்கு ஒரு படுக்கை போதும்.