அட்லாண்டா தோண்டிய குளம்

அட்லாண்டா என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கோக்கோ கோலா, 1996 ஒலிம்பிக்ஸ், மார்ட்டின் லூதர் கிங். அந்த கிங் 1929-ல் பிறந்த வீடு இருக்கும் பகுதியின் பெயர் ஓல்ட் ஃபோர்த் வார்டு. அங்கே ஒரு பூங்காவின் நடுவில் சுமார் 2 ஏக்கரில் ஒரு குளம் இருக்கிறது. பார்க்க அழகான குளம்தான். ஆனால் அது அழகுக்காக வெட்டியது அல்ல, சாக்கடைப் பிரச்சினைக்காக வெட்டியது!

கதை கொஞ்சம் பழையது. அந்தப் பக்கம் முழுக்கத் தாழ்வான நிலம். கிளியர் கிரீக் என்ற ஓடை அதன் வழியாகத்தான் போகும். 1860-களில் ரயில் பாதை போட வந்த தொழிலாளர்கள் அங்கே ஊற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு, உடம்புக்கு நல்லது என்று சொல்ல, நகரமே கிளம்பி வர ஆரம்பித்தது. ஊற்றுக்கு பான்ஸ் டி லியோன் என்று பெயர் வைத்தார்கள். பிறகு கேளிக்கைப் பூங்கா வந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் ஏரியும் இருந்தது. 1907-ல் அந்த ஏரியை மூடிப் பேஸ்பால் மைதானம் கட்டினார்கள். 1926-ல் ஊற்று இருந்த இடத்தில் சியர்ஸ் நிறுவனத்தின் பிரம்மாண்டமான கட்டடம் எழுந்தது. ஓடை? அதைக் குழாய்க்குள் தள்ளி மண்ணைப் போட்டு மூடியாகிவிட்டது.

தண்ணீரைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள் போலும். மழைக்கு அது தெரியுமா?

அட்லாண்டாவின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும். வெயில் நாளில் தொந்தரவு இல்லை. பெரிய மழை பெய்தால் குழாய் கொள்ளாது. அப்போது கழிவும் மழையும் கலந்து ஓடைகளில் வழிந்து, கடைசியில் சாட்டஹூச்சி ஆற்றில் சேரும். அதே சமயம் தாழ்வான தெருக்களில் வெள்ளம் நிற்கும். ஆற்றைக் காக்கும் அமைப்பு ஒன்று 1995-ல் வழக்குப் போட்டது. அதன் விளைவாக 1998-ல், கழிவுநீர் கலப்பைச் சரிசெய்கிறோம் என்று நகராட்சி நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2002-ல் பதவிக்கு வந்த மேயர் ஷெர்லி ஃபிராங்க்ளின் தன்னையே 'சாக்கடை மேயர்' என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இந்த வேலை பெரிதாக இருந்தது.

ஓல்ட் ஃபோர்த் வார்டு பகுதிக்கு அதிகாரிகள் யோசித்த வழி, பூமிக்கடியில் பெரிய சுரங்கக் குழாய். மதிப்பீடு சுமார் 4 கோடி டாலர். அங்கே குடியிருந்தவர்களில் தண்ணீர் கணக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் இருந்தார். அவரும் அக்கம்பக்கத்தாரும் எழுப்பிய கேள்வி சாதாரணமானது. இத்தனை பணத்தை மண்ணுக்குள் புதைத்தால் யார் கண்ணிலும் படாது. அதே தண்ணீரை மேலே ஒரு குளத்தில் நிறுத்தினால் என்ன? காலி மனைகளும் பழைய தொழிற்கூடங்களும் கிடந்த நிலம் பக்கத்திலேயே இருந்தது. பழைய ரயில் பாதைகளைப் பூங்காக்களால் இணைக்கும் பெல்ட்லைன் திட்டமும் அப்போது சூடு பிடித்துக்கொண்டிருந்தது. அது 1999-ல் ரையன் கிராவல் என்ற மாணவர் ஜார்ஜியா டெக்கில் எழுதிய ஆய்வேட்டில் பிறந்த திட்டம் என்பது கூடுதல் செய்தி.

2011-ல் குளமும் பூங்காவும் திறக்கப்பட்டன. சுரங்கக் குழாயோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் மிச்சம் என்றார்கள்.

வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. சாதாரண நாளில் நீர்மட்டம் சுற்றியுள்ள நடைபாதையைவிட வெகு கீழே நிற்கும். 'குளத்தை ஏன் இவ்வளவு பள்ளத்தில் வைத்தார்கள்?' என்று புதிதாக வருபவர் கேட்கலாம். அந்த வெற்றிடம்தான் விஷயமே! பெருமழையில் சுற்றுப்புறத் தண்ணீர் குழாய்க்குப் போகாமல் இங்கே வந்து ஏறும். மழை நின்றபின் மெதுவாக வடியும். மற்ற நாட்களில் தண்ணீரை மேலே ஏற்றிக் கருங்கல் படிகளில் அருவிபோல் விழ விடுகிறார்கள். அதில் காற்று கலப்பதால் தண்ணீர் கெடாது, நாற்றம் அடிக்காது. கரையோரச் செடிகளும் அழுக்கை வடிகட்டுகின்றன.

வரவு செலவு பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். சுரங்கக் குழாய் போட்டிருந்தால் அது வெறும் செலவு. குளமோ சுற்றியுள்ள நிலத்தின் விலையையே மாற்றிவிட்டது. பழைய சியர்ஸ் கட்டடம் 2014-ல் பான்ஸ் சிட்டி மார்க்கெட்டாகத் திறந்தது. பூங்காவைச் சுற்றி அடுக்குமாடிகள் முளைத்தன. வாடகை ஏறியது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. வெள்ளத்தைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே கிடந்தவர்கள் அவர்கள்; வெள்ளம் நின்றபோது இடம் கைவிட்டுப் போனது.

மிச்சமான ஒன்றரைக் கோடியைப் பற்றிப் பேசியவர்கள் இந்தக் கணக்கை எந்தப் பத்தியில் எழுதுவது என்று சொல்லவில்லை. பெல்ட்லைன் ஓரம் குறைந்த விலை வீடுகள் 5,600 கட்டுவதாக இலக்கு வைத்திருந்தார்கள். வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. 2016-ல், சாதாரண மக்களுக்கு வீடு கிடைப்பதில் போதிய அக்கறை இல்லை என்று சொல்லி, அந்தத் திட்டத்தைக் கனவு கண்ட ரையன் கிராவலே பெல்ட்லைன் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.