ஒரு தீவு, ஒரு குடும்பம், நிக்காத ரத்தம்

போன மாசம் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினாங்க. ரெண்டு நாள் ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. டெஸ்ட் எடுத்தா, 'வான் வில்லிபிராண்ட் காரணி' குறைவாம். ரிசல்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பிளட் குரூப்?" ஓ பாசிட்டிவ். "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்"னார். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ராத்திரி உட்கார்ந்து தேடினதுதான் இந்தப் பதிவு.

1924. பின்லாந்தோட ஓலாண்ட் தீவுகள்ல இருந்து 5 வயசுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சின்கிக்குக் கூட்டிட்டு வர்றாங்க. அவளோட நாலு அக்கா தங்கைகள் ஏற்கெனவே சின்ன வயசுல ரத்தப்போக்கில செத்துட்டாங்க. பார்த்த மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட். ஹீமோபிலியான்னா பெரும்பாலும் ஆண்களுக்குத்தானே வரும்? இங்கே பெண்கள். தட்டணுக்களோட எண்ணிக்கையும் கிட்டத்தட்ட சரி. ஆனா சின்னக் கீறல்ல வர்ற ரத்தம் நிக்க மாட்டேங்குது. மனுஷன் விடலை. அந்தக் குடும்பத்துல 66 பேரோட விவரம் சேகரிச்சார். 23 பேருக்கு ரத்தப்போக்கு. அதுல 16 பேர் பெண்கள். 1926-ல ஸ்வீடிஷ்ல கட்டுரை எழுதினார்.

அந்தச் சிறுமி வயசுக்கு வந்து, நாலாவது மாதவிலக்கிலேயே ரத்தம் நிக்காம இறந்துபோனா. இதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் மானிட்டரையே வெறிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதே குடும்பத்துல மத்தவங்களுக்கு மூக்குல ரத்தம், சிராய்ப்புன்னு லேசாத்தான் இருந்துச்சு. ஏன் இந்த வித்தியாசம்?

50-களின் கடைசியில இங்கா மாரி நில்சன், புளோம்பேக் தம்பதியர் அடங்கிய ஸ்வீடன் குழு ஓலாண்டுக்குப் போச்சு. ரத்தத்துல இருந்து பிரிச்ச ஒரு புரதக் கலவையைக் கொடுத்தா ரத்தம் நின்னுச்சு. ஹீமோபிலியா நோயாளியோட ரத்தத்துல இருந்து பிரிச்சாலும் அதே பலன்! அப்போ காணாமப்போனது ஃபேக்டர் 8 இல்ல, வேற ஏதோ ஒண்ணு. அதுதான் தட்டணுக்களைக் காயத்துல ஒட்டவைக்கிற, ஃபேக்டர் 8-ஐயும் சுமந்து போற வில்லிபிராண்ட் காரணி. 1993-ல அந்தக் குடும்பத்தோட மரபணுப் பிழையைக் கண்டுபிடிச்சாங்க: ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்துச்சு. (ஒரு செமிகோலன் விட்டுப்போய் நாம படாத பாடா!) ஒரு பக்கம் மட்டும் பிழை வந்தா லேசா, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தா அந்தச் சிறுமி மாதிரி. சொந்தத்துல கட்டுற நம்ம ஊருக்கும் இது பொருந்தும்.

ஆனா கதை மரபணுவோட முடியலை. 1987-ல வந்த ஆய்வுல, ஓ குரூப்காரங்களுக்கு இந்தப் புரதம் மத்தவங்களைவிட ஏறக்குறைய 25% குறைவுன்னு தெரிஞ்சுது. ஏ, பி சர்க்கரைகள் ஒட்டாத புரதம் ரத்தத்துல இருந்து சீக்கிரமே வெளியேறிடுது. கர்ப்பத்துல அளவு ஏறும், பிரசவம் முடிஞ்சதும் இறங்கும், ஆபத்து அப்பத்தான். பதட்டத்துலயும் ஏறும், அதனால டெஸ்ட் ஒரு தடவை சரின்னு வந்தா நம்பிட முடியாது. வயசானாலும் ஏறும்.

அந்தக் கடைசி வரியிலதான் மாட்டிக்கிட்டேன். அம்மாவுக்கு இளவயசுல மாசாமாசம் ரொம்ப ரத்தம் போகுமாம். "நம்ம குடும்ப வாகு"ன்னு பாட்டி முடிச்சிட்டாங்க. இப்போ அவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார் டாக்டர். 58 வயசுல அளவு சரியாவே வரலாம். "நின்னுபோனதுக்கு எதுக்குடா இப்ப டெஸ்ட்டு?"ங்கறாங்க. சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.