இரண்டாவது வாக்கின் வரலாறு

தேர்தல் காலம் வந்துற்றால் கட்சிக்காரர்கள் ஜாதிச் சங்கங்களின் வாயிலை நாடி வருவதும், "உங்கள் சமூகத்தாரின் வாக்குகள் எப்பக்கம்?" என வினவுவதும், சங்கத்தார் உவந்து ஒரு தொகை கூறுவதும் நாம் அறிந்த வழக்கமே. ஒரு சமூகத்தின் வாக்குகள் களத்தில் அடுக்கிய நெல் மூட்டைகள் போன்றவை. தலைவர் காட்டிய வண்டியில் அவை அப்படியே ஏறிவிடும் என்னும் எண்ணம் இரு திறத்தாரிடத்தும் வேரூன்றியிருக்கின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு மெய்யென்று அறிவதற்கு நம் நாட்டுத் தேர்தல் சரித்திரத்திலேயே தக்க சாட்சி ஒன்று உண்டு. 1952, 1957 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் பல தொகுதிகளில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் இருந்தன. அவ்விரண்டையும் அவர்கள் எவ்வாறு பகிர்ந்தளித்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முறையின் தோற்றம்

ஒரு தொகுதிக்குப் பல பிரதிநிதிகள் என்பதும், அவர்களுள் இன்ன வகுப்பார் இத்துணையர் இருத்தல் வேண்டுமென்பதும் சென்னை மாகாணத்திற்குப் புதியன அல்ல. 1920-ஆம் ஆண்டிலேயே மெஸ்டன் பிரபுவின் தீர்ப்பின்படி சட்டசபையில் பிராமணரல்லாதாருக்கு 28 ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் 1932 செப்டம்பர் 24-ஆம் நாள் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தால், தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத் தனித்தொகுதி முறை கைவிடப்பட்டது. பொதுத் தொகுதிகளிலேயே அவர்களுக்கு ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. மாகாணச் சட்டசபைகளுக்கென வகுத்த 148-இல் சென்னையின் பங்கு 30.

சுதந்திரத்திற்குப் பின் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலும் இவ்வழியையே பின்பற்றியது. 1952-இல் சென்னைச் சட்டசபையின் ஸ்தானங்கள் 375, தொகுதிகளோ 309. அவற்றுள் 243 ஒருவரை மட்டும் அனுப்புவன. எஞ்சிய 66 இருவரை அனுப்புவன. இவ்விருவருள் ஒருவர் 62 தொகுதிகளில் ஷெட்யூல்டு வகுப்பினராகவும், 4 தொகுதிகளில் மலைவாசி வகுப்பினராகவும் இருத்தல் வேண்டும். லோக்சபைக்கும் அவ்வாண்டு 86 இரட்டைத் தொகுதிகள் இருந்தன.

அக்காலத்தில் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் வரவில்லை. அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் அவர்தம் சின்னத்தை ஒட்டியிருப்பர். இரட்டைத் தொகுதி வாக்காளர் இரு சீட்டுகளைப் பெற்று, மறைவினுள் சென்று, இரு வேறு பெட்டிகளில் இடல் வேண்டும். ஒருவருக்கே இரண்டையும் அளித்தால் ஒன்றுதான் கணக்கில் ஏறும், மற்றொன்று செல்லாது. ஆகவே தம் மனிதர் ஒருவரையே கருதி வந்தவரும் மற்றொருவரைப் பற்றி எண்ணியே தீரவேண்டியிருந்தது. இம்முறையின் உயிர்நிலை இதுவே.

கணக்கின் நுட்பம்

நூறு வாக்காளர் உள்ள ஒரு தொகுதியைக் கற்பனை செய்வோம். அறுபதின்மர் ஒரு கட்சியைச் சார்ந்தவர். நாற்பதின்மர் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரைச் சார்ந்தவர். அறுபதின்மரும் கட்சியின் இரு அபேட்சகருக்கும் வாக்களித்தால் இரு ஸ்தானமும் கட்சிக்கே. ஆனால் அவர்களுள் இருபத்தைவர் ஷெட்யூல்டு வகுப்பு அபேட்சகருக்கு ஒரு வாக்கைக் கட்சிப்பற்றால் அளித்து, மற்றொன்றை உள்ளூர்ப் பெரியவருக்குப் பழக்கத்தால் அளிப்பாராயின் விளைவு யாது? கட்சியின் பொது அபேட்சகர் பெறுவது 35. உள்ளூர்ப் பெரியவர் பெறுவது 65. கட்சியை ஒருவரும் துறந்திலர். எனினும் கட்சி ஒரு ஸ்தானத்தை இழந்தது! இதனைத் துரோகம் என்பாரும் உளர். கட்சிக்கு உரியது கட்சிக்கும் ஊருக்கு உரியது ஊருக்கும் என்று வாக்காளர் நிறுத்துக் கொடுத்த நியாயம் என்பதே எம் கருத்து.

1952-ஆம் ஆண்டு முடிவுகளும் கட்சிப் பெயர் ஒன்றே எல்லாவற்றையும் வெல்லவில்லை என்பதைக் காட்டும். சுதந்திரம் பெற்றுத்தந்த பெருமையுடைய காங்கிரஸ் சென்னையில் 375-இல் 152 ஸ்தானங்களே பெற்றது. எக்கட்சியும் சாராத சுயேச்சைகள் 62 பேர் வென்றனர். வன்னியர் சமூகத் தலைவர்கள் கண்ட இரு கட்சிகளுள், திரு. எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களும், திரு. எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 ஸ்தானங்களும் அடைந்தன. ஒரே சமூகத்தினின்றும் இரு கட்சிகள் எழுந்தன என்பதையே, ஜாதி வாக்குகள் ஒரே மூட்டை என்பார் கருதிப் பார்ப்பாராக.

இரு நிகழ்ச்சிகள்

இரண்டாவது வாக்கின் வலிமையை உணர்த்தும் இரு நிகழ்ச்சிகள் தமிழகத்துக்கு வெளியே நடந்தவை. முதலாவது, 1952-இல் வட பம்பாய் லோக்சபைத் தொகுதியில் நிகழ்ந்தது. ஆங்கே டாக்டர் அம்பேத்கர் ஒதுக்கப்பட்ட ஸ்தானத்திற்கு நின்றார். அவருடைய ஷெட்யூல்டு ஜாதி சம்மேளனமும் சோஷலிஸ்டுக் கட்சியும் உடன்பாடு செய்துகொண்டு, திரு. அசோக் மேத்தாவைப் பொது ஸ்தானத்திற்கு நிறுத்தின. ஒரு வாக்கு அவருக்கு, ஒரு வாக்கு இவருக்கு என்பதே ஏற்பாடு. இருவருமே தோற்றனர். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராயிருந்தவர், காங்கிரஸ் அபேட்சகர் நாராயண் கஜ்ரோல்கரிடம் சுமார் 14,000 வாக்குகளில் பின்தங்கினார். அத்தொகுதியில் செல்லாதனவென்று தள்ளப்பட்ட வாக்குகளோ 70,000-க்கும் மேல்! இரண்டாவது வாக்கை வீணாக்குமாறு மக்கள் தூண்டப்பட்டனர் என்று அம்பேத்கரும் மேத்தாவும் மனுச் செய்தனர், மனு தள்ளுபடியாயிற்று. காரணம் எதுவாயினும், அளிக்கப்படாத வாக்கும் ஒருவரை வீழ்த்தவல்லது என்பது அன்று விளங்கிற்று.

இரண்டாவது, 1957-இல் ஆந்திர தேசத்துப் பார்வதிபுரம் தொகுதியில் நிகழ்ந்தது. மத்திய மந்திரியாயிருந்தவரும் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவருமான திரு. வி.வி. கிரி அங்கே பொது ஸ்தானத்திற்கு நின்றார். மலைவாசி வகுப்பினர் இருவர் அவரினும் மிகுந்த வாக்குகள் பெற்றனர். முதல்வர் ஒதுக்கப்பட்ட ஸ்தானத்தை அடைந்தார். அடுத்தவராகிய திப்பல சூரி தோரா, கிரியினும் 565 வாக்குகள் மிகுதியாகப் பெற்றமையால் பொது ஸ்தானத்திற்கே உரியவரானார். கிரி வழக்குத் தொடுத்தார். 1959-இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை ஏற்கவில்லை. ஒதுக்கீடு என்பது கீழ் எல்லையே அன்றி மேல் எல்லை அன்று; பொது ஸ்தானம் மேல்வகுப்பாருக்கு எழுதிவைத்த மானியமன்று என்பதே அத்தீர்ப்பால் போந்த பொருள்.

முறை ஒழிந்ததும் பின் விளைந்ததும்

இரட்டைத் தொகுதிகள் பரப்பிலும் செலவிலும் மிக்கனவாயிருந்தன. பார்வதிபுரம் போன்ற முடிவுகளும் பலரைச் சிந்திக்கச் செய்தன. 1961-இல் இயற்றிய சட்டத்தால் அவை ஒழிந்தன. 1962 முதல் தொகுதிக்கு ஒருவர், வாக்காளருக்கு ஒரு வாக்கு என்றாயிற்று.

இதனால் எளிமை பெற்றோம். ஒன்றை இழந்தோம் என்றும் கூறவேண்டும். பழைய முறையில் ஊர்த்தெருவின் அபேட்சகர் சேரிக்குச் சென்று இரண்டாவது வாக்கைக் கேட்டார்; சேரியின் அபேட்சகர் ஊர்த்தெருவுக்கு வந்து அவ்வாறே கேட்டார். ஒருவர் வாசலில் ஒருவர் நிற்கவேண்டிய அவசியத்தைச் சட்டமே உண்டாக்கியிருந்தது. தனித் தொகுதிகள் வேறாகப் பிரிந்தபின் அவ்வவசியம் பெரிதும் குன்றிற்று.

எனினும் வாக்கைப் பகிரும் அறிவு மக்களை விட்டு நீங்கவில்லை. 1980 ஜனவரியில் நடைபெற்ற லோக்சபைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 ஸ்தானங்களில் 37 இந்திரா காங்கிரஸ், தி.மு.க. அணிக்குச் சென்றன. அதே ஆண்டு மே மாதச் சட்டசபைத் தேர்தலிலோ, ஜனவரியில் இரண்டே ஸ்தானங்கள் பெற்ற அ.தி.மு.க. 234-இல் 129 பெற்றது. தில்லிக்கு ஒரு நிறைகோல், சென்னைக்கு ஒரு நிறைகோல்! 1996 முதல் நடந்த ஊராட்சித் தேர்தல்களிலும் கிராமத்து வாக்காளருக்கு நான்கு சீட்டுகள். வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சார்பின்றித் தேர்ந்தெடுக்கப்படுவர். ஒன்றிய, மாவட்ட உறுப்பினர் கட்சிச் சின்னத்தில் நிற்பர். குளத்தைத் தூர்வார இன்னார், கட்சிக்கு இன்னார் என்று ஒரே நாளில் ஒரே கை பிரித்தளிக்கின்றது.

அன்பர்காள்! இவ்வரலாறு நம் போன்ற சங்கங்களுக்கு இரண்டு உண்மைகளைப் புகட்டுகின்றது. வாக்கு வாக்காளரின் உடைமையே, சங்கத்தின் இருப்பன்று. ஆதலால் நம் உறுப்பினரின் வாக்குகளைத் தொகை கூறி விலைபேசும் உரிமை எத்தலைவருக்கும் இல்லை. அன்றியும், தம்மவர் ஒருவரை மட்டும் நோக்கி மற்றொரு வாக்கை வீணாக்கிய இடங்களில் கெட்டது அயலாரின் உரிமை மட்டுமன்று. தம் கையிலிருந்த செல்வத்தில் பாதியும் கெட்டது. சங்கம் செய்யத்தக்கது வாக்காளருக்கு நன்கு விளக்கிச் சொல்லுதலே, ஆணையிடுதல் அன்று. விளக்கமுற்ற வாக்காளர் நம் குலத்தாருக்கும் நீதி செய்வார். நம் அண்டை வீட்டாருக்கும் நீதி செய்வார்.