டெல்டா விவசாயிக்கு வெப்சைட் செய்யப் போறீங்களா? இந்த 6 விஷயங்களை மறக்காதீங்க!

நெல்லை விற்க கொள்முதல் நிலையத்துக்குப் போவதோடு ஆன்லைன் பதிவும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 2021-22 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு ஆன்லைன் முன்பதிவைக் கொண்டுவந்தது. அதன் பிறகு தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் வெப்சைட்டும் விவசாயத்தில் ஒரு பகுதியாகிவிட்டது.

ஒரு ஃபார்ம் பாதியில் நின்றால் என்ன ஆகும்? களத்தில் குவித்த நெல் பனியில் நனையும். கொள்முதலுக்கு அனுமதிக்கப்படும் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதம்தான். அதைத் தாண்டினால் விவசாயிக்குத்தான் சிக்கல். அதனால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், பாரம்பரிய அரிசிக் கடை, அறுவடை மெஷின் வாடகை என எதற்கு வெப்சைட் செய்தாலும் இவற்றைக் கவனியுங்கள்.

1. வரப்பில் நின்று பாருங்க

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிவது, உச்சி வெயிலில் சின்ன போனில் தெரியாமல் போகலாம். வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச அணுகல் விதி. வெப்எய்ம் கான்ட்ராஸ்ட் செக்கரில் இலவசமாகச் சோதிக்கலாம்.

2. எடையைக் குறைங்க

பேஜின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டால் எது தாமதமாக்குகிறது என்று காட்டும். பெரும்பாலும் போட்டோக்கள்தான் காரணம். ஸ்கூஷ் என்ற இலவச டூலில் அவற்றைச் சுருக்கலாம்.

3. யூனிகோடு மட்டும்தான்

பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்ததை அப்படியே போட்டால், அந்த ஃபாண்ட் இல்லாத போனில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கூகுள் தேடலிலும் சிக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் படிக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவை கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். தமிழில் கொம்பும் கொக்கியும் மேலும் கீழும் நீளும் என்பதால் வரிகளுக்கு நடுவே கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்க.

4. பட்டனில் சின்ன வார்த்தை

ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்று இருக்கும் பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டால் பாதி எழுத்து வெட்டுப்படும். ‘அனுப்பு’ போதுமே! பட்டன் விரலுக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் பரிந்துரைப்பது நீளம், அகலம் இரண்டும் 48 அலகு.

5. விவசாயி பேசும் கணக்கில் கேளுங்க

ஃபார்மில் ஹெக்டேர் என்று இருக்கும். ஆனால் டெல்டாவில் பலர் சொல்வது மா, வேலி. 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். எந்த அளவில் போட்டாலும் வெப்சைட்டே மாற்றிக்கொள்ளட்டும். ‘மூட்டை’ என்று மட்டும் கேட்காமல் எத்தனை கிலோ என்றும் எழுதுங்க. கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ, வெளி வியாபாரத்தில் அது வேறு.

போன் நம்பர், ஆதார் கேட்கும் கட்டத்தில் நம்பர் கீபோர்டு மட்டும் வரட்டும். சிக்னல் போனாலும் நிரப்பியது அழியக் கூடாது. ‘எரர்’ என்று சிவப்பில் காட்டினால் போதாது. ‘ஆதார் எண்ணில் 12 இலக்கம் வேண்டும், 11 தான் உள்ளது’ என்று சொல்லுங்க.

6. அஞ்சு பேரிடம் கொடுங்க

ஐந்து பேரைச் சோதிக்க வைத்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-ல் எழுதினார் வெப்சைட் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன். ஃபிக்மாவில் மாதிரி செய்து, டீக்கடையில் இருக்கும் அஞ்சு விவசாயிகளிடம் போனைக் கொடுங்க. நீங்க எதையும் சொல்லித் தராதீங்க, பேசாமல் பாருங்க. அவர்கள் விரல் தயங்கி நிற்கும் இடம்தான் நீங்க திருத்த வேண்டிய இடம்.