நடுவில் நிற்கும் 'ப்'

சிங்காரப்பேட்டை என்ற பெயரின் நடுவே ஒரு 'ப்' நிற்கிறது. பலகை எழுதுகிறவர்கள் பலர் அதைத் தயவு தாட்சண்யமில்லாமல் கழற்றிவிடுகிறார்கள். ஓர் எழுத்துதானே, போனால் என்ன என்று கேட்கலாம். அது வெறும் எழுத்தல்ல, சாட்சி.

செங்கம் கணவாயின் மேற்கு வாயிலில் இருக்கிற ஊர் இது. 1767-இல் ஹைதர் அலியும் கர்னல் ஸ்மித்தும் செங்கத்தில் மோதினார்கள். 1780-இல் ஹைதரின் படை இந்தக் கணவாய் வழியாகத்தான் ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. 1792-இல் திப்பு பாராமகாலை இழந்தபின், ரீட் துரையும் மன்றோ துரையும் வந்து நிலத்தை அளந்து வரி போட்டார்கள். கும்பினி மொழியில் எழுதும்போது இரண்டு 'ப'வுக்கு ஒன்று போதும் என்றாகிவிட்டது. அதைத் திரும்பத் தமிழில் எழுதுகிறவர் 'சிங்காரபேட்டை' என்கிறார்.

மரம், பெட்டி என்ற இரு சொற்கள் கூடினால் 'ம்' போய் 'ப்' வந்து மரப்பெட்டி ஆகிறது. மரத்தால் ஆகிய பெட்டி என்பதில் இடையே இருந்த சொற்கள் மறைந்துவிட்டன. அவை இருந்த இடத்தை ஓசை காட்டுகிறது. சிங்காரம் என்பவரின் பேட்டையா, சிங்காரமான பேட்டையா என்று 'ப்' சொல்லாது. இரண்டு சொற்களும் ஏதோ ஓர் உறவால் கட்டுண்டவை என்று மட்டும் சொல்லும். உறவில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓசை அழுந்தாது. 'கைப்பிடி' என்கிறோம், 'கைக்கால்' என்பதில்லை, 'கைகால்' என்கிறோம். கையும் காலும் சமம். ஒன்று மற்றொன்றுக்கு உடைமையல்ல.

இந்த விதிகளையெல்லாம் நன்னூலில் வகுத்துவைத்த பவணந்தி முனிவரை ஆதரித்தவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கனுக்கு அடங்கிய சிற்றரசன். கோலாரைத் தன் குலத்தின் ஊராகச் சொல்லிக்கொண்ட கங்க மரபினன். இன்று கர்நாடகத்தில் இருக்கிற ஊரின் பெயரைத் தாங்கியவன் தமிழுக்கு இலக்கணம் கேட்டான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கடல் கடந்த கொரியரிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அவர்கள் மொழியில் 'பாதா' என்றால் கடல், 'கா' என்றால் ஓரம். இரண்டும் கூடினால் 'பாதாக்கா', அதாவது கடற்கரை. எழுத்தில் நடுவே ஒரு 'ஸ்' போடுவார்கள். 'உடைய' என்று பொருள்பட்ட பழைய உருபின் எச்சம் அது. 'சொன்' கை, 'பல்' கால். (வாயைத் தடவிப் பார்க்க வேண்டாம், அங்கே பல் தரையில்தான் நடக்கிறது.) கைகால் என்பதற்கு அவர்கள் சொல் 'சொன்பல்'. அதில் ஓசை அழுந்துவதில்லை, நம்மைப்போலவே! இதை வைத்து நாமும் அவர்களும் பங்காளிகள் என்று கிளம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். 1998-இல் ஹூண்டாய்க்காரர்கள் கார் செய்யத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையின் பெயரில் 'ட்'டும் 'க்'கும் அழுந்தி நிற்பதைப் பார்த்து அவர்கள் திகைத்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

திகைப்பவர் பக்கத்து வீட்டுக்காரரான கன்னடர்தான். அவருக்கும் பேட்டை உண்டு, 'பேட்டெ' என்பார். ஆனால் மழைக்காலம் என்று நாம் 'க்'கை அழுத்துகிற இடத்தில், அவர் 'மளெகால' என்று, 'தங்கம்' என்பதில் வருகிற மெல்லிய 'க'வைப் போடுவார். புது ஊர் என்ற பொருளுடைய 'ஹொச ஊரு', 'ஹொசூரு' ஆகி, நம் வாயில் ஓசூர் ஆயிற்று. அங்கிருந்து ராயக்கோட்டைக்கு வந்தால், 'க்' காத்துக்கொண்டு நிற்கிறது.